மியூனிக் ‘ஷ்முக்’ கண்காட்சி: அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

நூர்ன்பெர்க் நாடோடி | ஜனவரி 18, மாலை 7:10

வணக்கம். ஒரு யோசனை கேட்கத்தான் இந்த இழை.

அப்பா பிப்ரவரி கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார். மூன்று மாதம் இருப்பார். நாற்பது வருடம் தங்கப் பட்டறையில் உட்கார்ந்தவர், கண் ஆபரேஷனுக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டார். போன முறை வந்தபோது கோட்டை, தேவாலயம், பனிமலை எல்லாம் காட்டினேன். எதற்கும் “நல்லா இருக்குப்பா” என்பதோடு சரி. ஒரே ஒரு இடத்தில்தான் கால் மணி நேரம் நின்றார்: கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு கடையின் ஜன்னலுக்கு வெளியே, குளிரில்.

மார்ச்சில் மியூனிக்கில் பெரிய கைவினை, நகைக் கண்காட்சி நடக்கும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். தேடிப் பார்த்தால் மூன்று பெயர் வருகிறது: இன்ஹோர்கென்டா, ஷ்முக், ஹண்ட்வெர்க்ஸ்மெஸ்ஸ. எது எது என்று புரியவில்லை. படங்களைப் பார்த்தால் அதைவிடக் குழப்பம். ரப்பர் குழாய், துருப்பிடித்த தகடு, உருகிய பிளாஸ்டிக். இதை நகை என்று அப்பாவிடம் காட்டினால் என்ன சொல்வார் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. பாதி பயமும்தான். போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மரகதப்புறா | ஜனவரி 18, இரவு 10:42

தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் ஃபோர்ட்ஸ்ஹைமில் நகைத்தொழில் படிக்கிறேன், நான்கு முறை போயிருக்கிறேன். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்.

இன்ஹோர்கென்டா வேறு. அது பிப்ரவரியில் நடக்கும் வியாபாரச் சந்தை. கடைக்காரர்களுக்கும் தொழில் செய்பவர்களுக்கும் மட்டும்தான் அனுமதி. அதே மைதானம், அதே மெட்ரோ நிலையம், அதனால் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் தேடுவது மார்ச்சில் நடக்கும் சர்வதேசக் கைவினைச் சந்தை. அதைத்தான் இன்டர்நாட்சியோனாலே ஹண்ட்வெர்க்ஸ்மெஸ்ஸ என்கிறார்கள். 1949இல் தொடங்கியது. புதன் முதல் ஞாயிறு வரை நடக்கும். டிக்கெட் வாங்கி யாரும் போகலாம்.

அந்தச் சந்தைக்குள் ஒரு கண்காட்சிதான் ‘ஷ்முக்’. ஷ்முக் என்றால் நகை, அவ்வளவுதான். ஹெர்பெர்ட் ஹோஃப்மன் என்பவர் 1959இல் தொடங்கி வைத்தது. அவர் பெயரில் 1973 முதல் விருது தருகிறார்கள். தேர்வு முறை கொஞ்சம் விநோதமானது. குழு கிடையாது. ஒவ்வொரு வருடமும் ஒரே ஒருவரை அழைத்து, “பொறுக்குவது உங்கள் பாடு” என்று விட்டுவிடுவார்கள். பல நாடுகளிலிருந்து வரும் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களில் அவர் சுமார் 60 பேரை எடுப்பார். அதனால் ஒரு வருடம் பார்த்ததை வைத்து அடுத்த வருடத்தைக் கணிக்க முடியாது. ஒரு வருடம் எல்லாம் மெல்லிய வெள்ளிக் கம்பி வேலையாக இருந்தது. அடுத்த வருடம் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்த மாதிரி. இரண்டாவது எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் இங்கே திட்டு விழும்.

உள்ளே போனதும் நகை கண்ணில் படும் என்று எதிர்பார்க்காதீர்கள். இது முதலில் ஜெர்மன் தொழிலாளிகளின் சந்தை. சமையலறை அலமாரி, கணப்பு அடுப்பு, மாடிப்படி, கூரை ஓடு எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும். காய்கறி சீவும் கருவி விற்பவர் காதில் மைக்கை மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருப்பார், நம்மூர்ப் பொருட்காட்சி மாதிரியே. ‘ஹண்ட்வெர்க் உன்ட் டிசைன்’ என்ற பலகையைத் தேடிப் போங்கள். ஷ்முக் அங்கே இருக்கும். பக்கத்திலேயே ‘டாலென்டே’ என்று இளையவர்களின் கண்காட்சி, நெய்தல், மண்பாண்டம், கண்ணாடி எல்லாம் கலந்து. ‘எக்ஸெம்ப்ளா’ என்றொரு பகுதியில் வருடத்துக்கு ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு பட்டறையையே கொண்டுவந்து போட்டு, உட்கார்ந்து வேலை செய்து காட்டுவார்கள். உங்கள் அப்பாவுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். ‘ஃப்ரேம்’ என்ற பகுதியில் வெளிநாட்டுக் காலரிகள் (கலைப்பொருள் வைத்து விற்கும் கூடங்கள்) கடை போடும். அங்கே வாங்கலாம்.

இது பாதிதான். அந்த வாரம் நகரம் முழுக்க இதே வேலையாக இருக்கும். காலரி, கஃபே, யாரோ ஒருவரின் பட்டறை, பழைய துணிக்கடை, எங்கே பார்த்தாலும் ப்ரோச் (உடையில் குத்திக்கொள்ளும் ஊசி நகை) தொங்கும். அந்த நகை வாரத்துக்குத் தனியாக ஒரு வரைபடமே உண்டு. எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் கால் வீங்கும். மாக்ஸ்-யோசெஃப் தெருவில் இருக்கும் காலரி ஹண்ட்வெர்க், அப்புறம் பினாகோதேக் டேர் மாடர்ன அருங்காட்சியகத்தின் டானர் ரொட்டுண்டா, இந்த இரண்டை மட்டும் விடாதீர்கள். ரொட்டுண்டா 2004இல் திறந்தது, நவீன நகைக்கென்றே உள்ள நிரந்தரக் கூடம்.

வழி எளிது. மத்திய ரயில் நிலையத்திலிருந்து யு2 மெட்ரோ பிடித்தால் 20 நிமிடம், மெஸ்ஸஸ்டாட்டில் இறங்க வேண்டும். அந்த இடம் 1992 வரை மியூனிக்கின் விமான நிலையம். அதனால் நடை அதிகம். அப்பாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 19, காலை 8:05

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். சென்னையில் நகைக்கடன் கணக்குகள் பார்ப்பது என் வேலை, அதனால் கை அரிக்கிறது.

மகள் பெர்லினில் படித்தபோது ஒரு காலரிக்குக் கூட்டிப்போனாள். ஒரு ப்ரோச், விலை 1,400 யூரோ. என்ன பொருள் என்று கேட்டேன். ரெசின், அதாவது ஒரு வகைச் செயற்கைப் பிசின், கொஞ்சம் வெள்ளி. கொஞ்சம் என்றால் ஊசிக்கு உண்டான வெள்ளி! இதை அடகுக் கடையில் வைத்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் பாட்டி வீட்டில் நகை என்பது அழகு மட்டும் இல்லை. விதைநெல் வாங்க, ஆஸ்பத்திரிக்குக் கட்ட, பேத்தியைக் கல்லூரியில் சேர்க்க என்று அது பத்து முறை பெட்டியை விட்டு வெளியே போய் வந்திருக்கிறது. ஒரு பெண்ணின் கையில் அவளுக்கென்றே இருந்த ஒரே சொத்து. வயிறு நிறைந்தவர்கள் ரப்பர் குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ‘தங்கம் வெறும் மாயை’ என்று சொல்லலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. நாற்பது வருடம் தங்கத்தில் உட்கார்ந்தவரிடம் இதைக் காட்டுவது அவரைக் கேலி செய்கிற மாதிரி ஆகிவிடாதா?

மரகதப்புறா | ஜனவரி 19, பகல் 1:20

ஐயா, பாட்டியின் நகை பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த 1,400க்குக் கணக்கு போடுவோமா? உங்கள் துறைதானே.

விலைக்குள் 19 சதவீத வரி இருக்கிறது. கழித்தால் 1,176. காலரி வழக்கமாகப் பாதியை எடுத்துக்கொள்ளும். செய்தவர் கையில் 588. நல்ல ப்ரோச் ஒன்றுக்கு ஒரு வார வேலை, 40 மணி நேரம் என்று வையுங்கள். மணிக்கு 15 யூரோகூட வரவில்லை. இந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதிலும் பொருள் செலவு, பட்டறை வாடகை, விற்காமல் டிராயரில் கிடக்கும் மற்ற ஐந்து ப்ரோச் எல்லாம் அடக்கம்.

நம்மூரில் நகை விலை என்பது தங்கம், அதன் மேல் செய்கூலி, சேதாரம். இங்கே தங்கம் என்ற வரியே கிடையாது, முழுக்க செய்கூலி. உங்களுக்கு எரிச்சல் தருவது அதுதான் என்று நினைக்கிறேன். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

தங்கம் மாயை என்று மேலோட்டமாகப் பேசிவிட்டுப் போனவர்களும் இவர்கள் இல்லை. ஓட்டோ கியூன்ட்ஸ்லி மியூனிக் கலைக்கழகத்தில் 1991 முதல் 2014 வரை பேராசிரியராக இருந்தவர். 1980இல் ஒரு காப்பு செய்தார், வெறும் கறுப்பு ரப்பர் குழாய். ஒரு இடத்தில் மட்டும் லேசாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்குள் தங்க உருண்டை. ‘தங்கம் குருடாக்கும்’ என்று அதற்குப் பெயர். உள்ளே தங்கம் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் ரப்பரை அறுக்க வேண்டும், அறுத்தால் காப்பு போச்சு. நம்பிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் செய்த இன்னொன்று எனக்கு இன்றைக்கும் தூக்கத்தைக் கெடுக்கும். 1985-86இல், பிறர் அணிந்து கழற்றிய 48 திருமண மோதிரங்களை வாங்கி ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலி ஆக்கினார். அத்தனையும் தங்கம். உருக்கினால் நல்ல காசு வரும், ஐயா. கழுத்தில் போட்டுக்கொள்ள மனசு வருமா? 48 தாலியைக் கோத்த மாலை என்று நினைத்துப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 19, பகல் 2:02

மாலையைப் பற்றிப் பேசாதீர்கள், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 588 கணக்கு சரி. காலரிக்காரன் பாதி எடுக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. ஆனாலும் வாங்குகிறவனுக்கு மறுவிற்பனை பூஜ்யம் என்பது மாறவில்லை.

உலைமூக்கு | ஜனவரி 19, இரவு 11:30

நான் கோவை, ராஜ வீதிப் பக்கம் பட்டறை. இப்போதுதான் கடையைச் சாத்தினேன். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அண்ணன் கணக்குப்பிள்ளை செய்கூலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடையில் ரசீதில் போடும் செய்கூலி, சேதாரம் எங்கள் கைக்கு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வராது. சேதாரம் சதவீதக் கணக்கு. தங்கம் விலை ஏற ஏற அது ரூபாயில் ஏறிக்கொண்டே போகும். எங்களுக்குக் கிராமுக்கு இத்தனை என்று கூலி. அது அந்த வேகத்தில் ஏறாது. பாதி வேலையைக் காஸ்டிங் மெஷினும் லேசரும் எடுத்துக்கொண்டன. என் மகன் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறான், ஊதுகுழலைத் தொட மாட்டேன் என்கிறான். அவனைக் குறை சொல்லவில்லை, என் நுரையீரலைப் பார்த்தவன் அவன்.

தங்கம் இல்லாத நகை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் கேட்பது வேறு. அந்தக் கண்காட்சியில் ஒவ்வொரு நகைக்குப் பக்கத்திலும் செய்தவர் பெயர் இருக்குமா? நான் முப்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் நெக்லஸ் முடித்திருப்பேன் என்று தெரியாது. அதில் கடை முத்திரை இருக்கும், ஹால்மார்க் இருக்கும், ஆறு எழுத்தில் எச்.யு.ஐ.டி. என்கிற அடையாள எண்கூட இருக்கும். என் பெயர் எதிலும் கிடையாது.

மரகதப்புறா | ஜனவரி 20, காலை 7:15

இருக்கும், அண்ணா. பெயர், நாடு, பொருள், வருடம், எல்லாமே. அதைத் தவிர வேறு எதுவும் இருக்காது என்பதுதான் சில நேரம் தொல்லை, விளக்கத்துக்கு ஏங்க வேண்டும்.

சூரிச் சின்னவன் | ஜனவரி 21, மாலை 6:48

வணக்கம் உறவுகளே. நான் யாழ்ப்பாணம், இப்ப சூரிச். எங்கட ஊரிலும் பத்தர் வீட்டுத் திண்ணையில் இருந்து வளர்ந்தவன்தான், ஆனால் தொழில் தெரியாது, பேருந்து ஓட்டுகிறேன்.

மனைவிக்காக இரண்டு முறை அந்தக் கிழமை மியூனிக் போனேன். முதல் முறை எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, பியர் மட்டும் நல்லா இருந்தது. இரண்டாவது முறை போகும் முன் மனைவி ஒரு படம் காட்டினாள். பெர்ன்ஹார்ட் ஷோபிங்கர், எங்கட சூரிச்சில் பிறந்தவர். 1988இல் உடைந்த போத்தல் கழுத்துகளைக் கோத்து மாலை செய்தவர். உடைந்த விளிம்பு அப்படியே தோலில் முட்டும். பார்த்தவுடன் எனக்குக் கழுத்து கூசியது. கலை என்றால் என்ன என்று எனக்கு விளங்கப்படுத்தத் தெரியாது, ஆனால் போரில் இருந்து வந்தவனுக்கு அந்த மாலையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஓட்டோ கியூன்ட்ஸ்லியும் சூரிச்சில் பிறந்தவர்தான், சும்மா பெருமைக்குச் சொன்னேன்.

கணக்குப்பிள்ளை ஐயா சொல்வதும் எனக்குச் சரியாகப் படுகிறது. அம்மா இடம்பெயர்ந்தபோது இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது பன்னிரண்டு பவுண். அதில்தான் நாங்கள் உயிரோடு வந்து சேர்ந்தோம். ரெசின் ப்ரோச்சுக்கு, ஆளை வெளிநாட்டுக்கு அனுப்பும் எந்த முகவர் வாசலைத் திறப்பான்? இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே சொல்லால், ‘நகை’ என்று, கூப்பிடுவதுதான் பிரச்சினை போல.

அறை விலை ஏறும், இப்பவே பிடியுங்கோ.

இழை நடத்துநர் | ஜனவரி 22, காலை 9:00

‘பழைய தங்கத்துக்கு உடனடிப் பணம்’ என்று இந்த இழையில் வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறோம். தொடருங்கள்.

நூர்ன்பெர்க் நாடோடி | மார்ச் நடுவில், இரவு 9:55

நேற்று இரவு திரும்பினோம். பதில் போட்ட எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

சனிக்கிழமை காலை உள்ளே போனோம். மரகதப்புறா சொன்ன மாதிரியே முதலில் காய்கறி சீவும் கருவிக்காரர். அப்பா அங்கேயே நின்றுவிட்டார், ஒன்று வாங்கியும் விட்டார். அப்புறம் ஒரு வழியாக ஷ்முக் பகுதிக்கு வந்தோம். கண்ணாடிப் பெட்டிகள், வெள்ளை வெளிச்சம், கறுப்பு உடை போட்ட கூட்டம். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு பொருள் தொங்குகிறது. ஒரு அம்மா தோளில் கிட்டத்தட்ட ஒரு தேங்காய் மூடி அளவுக்கு.

முதல் இருபது நிமிடம் அப்பா வாயே திறக்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. காகிதக் கூழில் செய்த கழுத்தணி, பாதி எரிந்த மரம், சாயம் போன பிளாஸ்டிக் மூடிகள். எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு கடந்து போனார். கேலியும் இல்லை, கோபமும் இல்லை. சம்பந்தம் இல்லாத கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி.

மாற்றம் எங்கே வந்தது என்றால், ஃப்ரேம் பகுதியில், ஒரு டைட்டானியம் ப்ரோச்சின் முன்னால். மயில் கழுத்து நீலம், ஓரத்தில் ஊதாவுக்குப் போகிறது. “இது பெயின்ட்டா, மீனாவா?” என்று என்னைக் கேட்டார். மீனா என்றால் உலோகத்தின் மேல் கண்ணாடிப் பூச்சை உருக்கி நிறம் ஏற்றுவது. நான் அங்கே இருந்த பெண்ணிடம் கேட்டேன். செய்தவரே அவர்தான். சாயம் எதுவும் இல்லையாம். கரைசலில் போட்டு மின்சாரம் பாய்ச்சினால் உலோகத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் வளரும். அதன் தடிமன் மாற மாற நிறம் மாறித் தெரியும். வோல்ட்டைக் கூட்டினால் வேறு நிறம். நான் பாதி புரிந்து பாதி புரியாமல் மொழிபெயர்த்தேன். அப்பா, “எஃகைக் காய்ச்சுனா நீலம் பூக்குமே, அதுதானே?” என்றார். அவரிடம் சொன்னேன். அந்தப் பெண் முகம் மலர்ந்து, அதேதான் என்றார்.

அதற்கப்புறம் அப்பா அடுத்த கேள்வி கேட்டார், அதுதான் தொழில்காரர் கேள்வி. “பின்பக்கம் பார்க்கலாமா?”

அந்தப் பெண் கையுறை போட்டுக்கொண்டு திருப்பிக் காட்டினார். டைட்டானியத்தைச் சாதாரணமாகப் பற்றவைக்க முடியாதாம், அதனால் ஊசியின் அடிப்பாகத்தைக் குட்டி ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள். நெருப்பே படவில்லை. அப்பா தலையைக் குனிந்து குனிந்து பார்த்தார். ஊசியைச் சூட்டில் பிடித்தால் விறைப்பு போய்விடும், கொக்கியில் நிற்காது, பட்டறையில் எத்தனை ஊசி அப்படிக் கெட்டது என்று அவர் பாட்டுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போகிறார், அந்தப் பெண்ணும் தலையாட்டிக்கொண்டே இருக்கிறார். நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன்.

அதிலிருந்து எல்லாவற்றையும் பின்பக்கத்திலிருந்துதான் பார்த்தார். முன்பக்கம் எப்படி இருந்தாலும் கவலை இல்லை. பின்னால் அரம் போட்ட தடம் அப்படியே விட்டிருந்தால் “சோம்பேறி”. மெருகு ஏற்றியிருந்தால் ஒரு ‘ம்’. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றின் பின்பக்கம் தெரியாதது அவருக்குப் பெரிய குறை. “முதுகைக் காட்டாத நகையை எப்படி நம்புறது?”

ஒரு இடத்தில் மட்டும் மனசு கசந்தது. ஒரு காலரியில், பெயர் வேண்டாம், எங்களுக்கு முன்னால் வந்த இருவருக்கு எடுத்துக் கையில் கொடுத்தார்கள். அப்பா கேட்டபோது ‘தொட அனுமதி இல்லை’ என்றார்கள். அப்பாவுக்கு மொழி தெரியாவிட்டாலும் அது புரிந்தது. “கடைன்னா எல்லா ஊர்லயும் கடைதான்” என்று நகர்ந்துவிட்டார்.

எக்ஸெம்ப்ளா பகுதியும் அதை ஒட்டி வேலை செய்து காட்டுகிற மேசைகளும்தான் நாளின் மீதி. ஒரு பொற்கொல்லர் மேசையின் அடியில் தோல் ஒன்றைத் தொட்டில் மாதிரி கட்டியிருந்தார். அராவும்போது விழும் தூள் அதில் சேரும். அப்பா அதைத் தொட்டுக் காட்டி, “இதை என்ன பண்ணுவாரு?” என்று கேட்கச் சொன்னார். அவர் ‘கெக்ரெட்ஸ்’ என்றார். தூள், பெருக்கிய குப்பை, தேய்ந்துபோன உப்புத்தாள், எல்லாவற்றையும் டப்பாவில் சேர்த்து வைத்துச் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பித் தங்கத்தைத் திரும்ப எடுப்பார்களாம். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் ஊரில் பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணையே அள்ளிக் கழுவித் தங்கம் எடுக்கிறவர்கள் உண்டு என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த ஜெர்மன்காரர் எழுந்து நின்று கைகொடுத்தார். அவருடைய பயிற்சிக் காலம் மூன்றரை வருடமாம். அப்பா எத்தனை வருடம் படித்தார் என்று கேட்டார். “பத்து வயசுல உட்கார்ந்தேன், இன்னும் முடியலைன்னு சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை டானர் ரொட்டுண்டா. கீழே இறங்கிப் போக வேண்டும், அமைதியான இடம். சின்னவன் சொன்ன போத்தல் மாலை கண்ணில் படவில்லை. அப்பா அங்கே அதிக நேரம் நிற்கவில்லை, கால் வலி. ஆனால் செய்தவர் பெயர் இருக்குமா என்று உலைமூக்கு அண்ணன் கேட்டதை அப்பாவிடம் சொல்லியிருந்தேன், அதை மட்டும் செய்தார். ஒவ்வொரு பெயர்ச் சீட்டையும் என்னைப் படிக்கச் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. “இவனும் செத்துட்டானா?” என்று இரண்டு மூன்று பேருக்குக் கேட்டார்.

பிடித்திருந்ததா என்று ரயிலில் கேட்டேன். “பாதி பைத்தியக்காரத்தனம். வேலை தெரிஞ்ச பைத்தியங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார், பிறகு தூங்கிவிட்டார்.

கணக்குப்பிள்ளை | மார்ச், மறுநாள் காலை 6:30

இரண்டு முறை படித்தேன். ‘முதுகைக் காட்டாத நகை’யை எங்கள் அலுவலகத்தில் எழுதி ஒட்டலாம். அடகுக்கு வரும் நகையை நாங்களும் முதலில் திருப்பித்தான் பார்ப்போம். ஒரு சந்தேகம், அந்த டைட்டானியம் ப்ரோச் என்ன விலை?

நூர்ன்பெர்க் நாடோடி | மார்ச், காலை 7:12

980 யூரோ. அப்பாவிடம் சொன்னேன். ஆணி அடித்த வேலைக்கு அது குறைச்சல் என்றார். நான் வாங்கவில்லை, வாடகை கட்ட வேண்டும்.

மரகதப்புறா | மார்ச், காலை 10:40

வகுப்பில் உட்கார்ந்துகொண்டு படித்தேன், பக்கத்தில் இருப்பவள் ஏன் சிரிக்கிறாய் என்கிறாள். நாங்கள் பாஸாக வேண்டுமானால் பின்பக்கம் ஒழுங்காக இருந்தாக வேண்டும். ஆசிரியர் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். அடுத்த முறை அப்பாவை ஃபோர்ட்ஸ்ஹைம் கூட்டி வாருங்கள். 1767இலிருந்து நகை செய்யும் ஊர், இங்கே நகை அருங்காட்சியகம் இருக்கிறது. அதைவிட முக்கியம், கருவிக் கடைகள் இருக்கின்றன.

நூர்ன்பெர்க் நாடோடி | மார்ச், மாலை 5:25

கருவி என்றதும் நினைவு வந்தது. சந்தையில் அப்பா காய்கறி சீவியைத் தவிர வாங்கிய ஒரே பொருள் ஊசி அரம், சுவிஸ் வல்லோர்ப் ஊர்த் தயாரிப்பு, ஒரு செட். வேலையை விட்டவருக்கு எதற்கு என்று கேட்டேன், பதில் இல்லை. மே மாதம் திரும்பும்போது கைப்பையில் கொண்டுபோகலாமா?

சூரிச் சின்னவன் | மார்ச், மாலை 6:02

வேண்டாம் வேண்டாம். கூர் உள்ளது, சோதனையில் பறித்துப் போடுவார்கள். பெரிய பெட்டிக்குள் துணியில் சுற்றி வையுங்கோ. எங்கட நாட்டு அரம், கவனம்.

நூர்ன்பெர்க் நாடோடி | மார்ச், இரவு 8:47

சரி. அப்பா இப்போது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உலைமூக்கு அண்ணனுக்கு ஒரு கேள்வி அனுப்பச் சொல்கிறார்: அரத்தை ராஜ வீதிக்கு அவரே வந்து தருவாராம், அரத்தின் பல் 2ஆம் நம்பர் வேண்டுமா, 4ஆம் நம்பரா?

உலைமூக்கு | மார்ச், இரவு 11:51

4. அரைவட்டம் இருந்தால் நல்லது. ஐயாவைச் சாப்பிடாமல் வரச் சொல்லுங்கள்.